கொம்பையா பாடாத கீர்த்தனை

எங்கள் கிருபாபுரம் சபையில் தாழ்மைக்குப் பேர் போனவர் நேசையா வாத்தியார். குருவானவர் பிரசங்கத்தில் தாழ்மையைப் பற்றி ஆரம்பித்தால் போதும், ஆண்கள் பக்கமும் பெண்கள் பக்கமும் சேர்ந்து மூன்றாவது தூணடியைத் திரும்பிப் பார்க்கும். வாத்தியார் அங்கேதான் உட்கார்ந்திருப்பார். எல்லாரும் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் தலையைக் குனிந்துகொள்வார். அந்தக் குனிவு பார்க்க நன்றாகவே இருக்கும். தாழ்மைக்குப் பேர் வாங்குவது சங்கடமான காரியம். வாங்கிவிட்டால் அப்புறம் நிமிரவே முடியாது.

அவரைப் புகழ்வதற்காக இதை எழுதவில்லை. புகழ்ந்து புகழ்ந்துதான் அந்த மனுஷனைக் கெடுத்தோம். சுற்றிலுமுள்ள ஏழு ஊர்ச் சபைகளுக்கும் சேர்த்து ஒரு பாட்டுக் கமிட்டி உண்டு. அதற்குப் பதினோரு வருஷம் செக்ரட்டரியாக இருந்தவன் நான். வாத்தியார் பேர் வர வேண்டிய இடத்தில் இன்னொருவன் பேரை எழுதி அச்சாபீசுக்கு அனுப்பியது என் கைதான். அதனால் எனக்கு நிறையத் தெரியும்.

நேசையா மிஷன் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வாத்தியார். ஒல்லியான உடம்பு. பாளையங்கால்வாய்க் கரையில் அவர் நடந்து போனால் ஆள் போகிறாரா, வேட்டி மட்டும் காற்றில் போகிறதா என்று சந்தேகமாக இருக்கும். ஆனால் வாயைத் திறந்து பாடினால் கோயில் ஓட்டில் இருக்கிற புறாவெல்லாம் பறக்கும். அவர் மனைவி எலிசபெத் அம்மாள் நாங்குநேரிப் பக்கத்துக்காரர். அந்த அம்மாளுக்கும் தாழ்மைக்கும் வெகு தூரம். மனதில் பட்டதை அங்கேயே சொல்லிவிடுவார். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷமாகியும் பிள்ளை இல்லை. அதைப் பற்றி மட்டும் எதுவும் சொல்லமாட்டார்.

1905-ஆம் வருஷக் கிறிஸ்மஸ் ஆராதனை முடிந்து வெளியே வரும்போது நான் அவர்களுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தேன். அன்றைக்குக் குருவானவர் மாட்டுத் தொழுவத்தைப் பற்றி உருக்கமாகப் பேசியிருந்தார். பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள். எலிசபெத் அம்மாள் மட்டும் கோபத்தோடு வந்தார்.

"பச்சப் புள்ளைய வைக்கோல்ல கெடத்தியிருக்காக. ஒடம்பு உறுத்தாதா? கெழக்க இருந்து மூணு பெரிய மனுசரு வந்தாகளே, பொன்னும் வாசனையும் தூக்கிட்டு வந்த ஆளுகளுக்கு ஒரு பத்தமடப் பாயக் கொண்டாரணும்னு தோணிச்சா? கூட ஒரு பொம்பள வந்திருந்தா சொல்லியிருப்பா" என்றார்.

வாத்தியார் வழக்கம்போல் குனிந்தபடி நடந்தார். ஆனால் அடுத்த கிறிஸ்மஸுக்குள் அது பாட்டாகிவிட்டது.

"பாய் கொண்டு வரவோ, பாலகரே – பத்தமடைப்
பாய் கொண்டு வரவோ?
வைக்கோல் உறுத்துமே, வாடை அடிக்குமே,
வாசலில் நிற்கிறேன், வரச் சொல்வீரோ?"

இப்படி ஆரம்பித்து மொத்தம் பதினொரு சரணம். தாலாட்டு மாதிரியும் இருக்கும், கெஞ்சுகிற மாதிரியும் இருக்கும். அப்போதிருந்த குருவானவருக்கு ஒரே ஆட்சேபம்தான். "பெத்லகேமுக்கும் பத்தமடைக்கும் என்னவே சம்பந்தம்?" என்று கேட்டார். வாத்தியார் உடனே குனிந்து, "ஐயா சொன்னா எடுத்திருதேன்" என்றார். எலிசபெத் அம்மாள் பின்னால் நின்றபடியே, "பாய எடுத்தா நானும் கோயிலுக்கு வரல" என்றார். குருவானவர் சற்று யோசித்துவிட்டு, பாயினால் சத்தியத்துக்குப் பங்கம் ஒன்றும் இல்லை என்று தீர்ப்புச் சொன்னார். பாய் தங்கியது.

பாட்டு நன்றாக இருக்கிறதே, நீர் கட்டினதா என்று யாராவது வாத்தியாரைக் கேட்டால், "நான் எங்க கட்டினேன்? வந்துது, எழுதிக்கிட்டேன்" என்பார். அதை நாங்கள் எல்லாரும் மெச்சினோம். இந்த வார்த்தையைக் கவனித்துக்கொள்ளுங்கள். எங்கள் ஜனத்திடம் தாழ்மையாகப் பேசுவதில் ஒரு ஆபத்து உண்டு. நம்பிவிடுவோம்.

அந்த வருஷம் பஜனைக்குழு அந்திக் கருக்கலில் வீடு வீடாகப் பாடிக்கொண்டு போனபோது, தச்சநல்லூர் நமச்சிவாயம் அண்ணாச்சி எங்கள் ஊரில் இருந்தார். வீரராகவபுரத்தில் ஸ்டேஷனுக்கு எதிரே குடை, கடிகாரம், விளக்கு, கிராமபோன் என்கிற பாட்டுப்பெட்டி எல்லாம் விற்கிற கடை அவருடையது. எங்கள் கோயில் கடிகாரத்தைப் பழுதுபார்க்க வந்தவர், நெற்றி நிறையத் திருநீற்றோடு தெருவில் நின்று பாட்டைக் கடைசி வரைக்கும் கேட்டார். மறுநாளே வாத்தியார் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"கொழும்புலயும் ரங்கூன்லயும் உங்க ஆளுக அத்தன பேரும் பெட்டி வாங்கி வச்சிருக்காக. போட்டுக் கேக்கதுக்குத் தட்டு இல்ல. கிறிஸ்மஸும் அதுவுமா ராஜபார்ட்டுப் பாட்டையா கேப்பாக? மெட்ராசுக்குச் சீமையில இருந்து பாட்டுப் புடிக்க ஆளு வந்திருக்கு. வாரும் வே, போயிட்டு வருவோம்" என்றார்.

தட்டில் பதிவதற்காகக் குழாய்க்குள் பாடுவது பாவமா என்று சபையில் இரண்டு ஞாயிறு பேசினோம். கொழும்புக்குப் போகிற சத்தம் சுவிசேஷமாக இருந்தால் பாவமில்லை என்று முடிவாயிற்று. புறப்படுகிற அன்று எலிசபெத் அம்மாள் சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டே சொன்னதை நானும் கேட்டேன். பாட்டு முடிந்ததும் பாடினவர் தன் பேரைக் குழாயில் சொல்ல வேண்டும் என்று அண்ணாச்சி முன்னாலேயே சொல்லி வைத்திருந்தார்.

"பேரச் சத்தமாச் சொல்லணும். முணுமுணுக்கக் கூடாது. ஊரையும் சேத்துச் சொல்லணும்."

"சரி."

"நமக்குப் பேரு சொல்ல ஒரு புள்ள இல்ல. இந்தத் தட்டாவது சொல்லட்டும்."

பிள்ளையைப் பற்றி அந்த அம்மாள் வாய் திறந்ததை அன்றுதான் கேட்டேன். வாத்தியார் சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டார். சத்தமாகச் சொல்லத்தான் அவர் நினைத்திருந்தார் என்று நான் நம்புகிறேன்.

மெட்ராசில் நடந்ததைப் பிற்பாடு எனக்குச் சொன்னவன் கொம்பையா. அண்ணாச்சி கடையில் வேலை பார்க்கிற ஆள், அவனும் தச்சநல்லூர்க்காரன். அண்ணாச்சிக்குக் கடைசி நேரத்தில் வயிற்றுக்கோளாறு வந்ததால் வாத்தியாருக்குத் துணையாக இவனை ரயிலேற்றி விட்டார்.

ஓர் ஓட்டல் மாடியில், சுவரெல்லாம் கம்பளி தொங்கவிட்ட அறை. நடுவில் பூசணிப்பூ மாதிரி வாய் விரிந்த தகரக் குழாய். அதன் வால் திரைக்குப் பின்னால் போகும். அங்கே சுற்றுகிற மெழுகுத் தட்டில் ஊசி ஒன்று குரலைக் கீறும். ஒரு மெழுகில் மூன்று நிமிஷத்துக்கு மேல் ஏறாது. இவர்களுக்கென்று சீமையிலிருந்து வந்த துரை ஒதுக்கியது மூன்று மெழுகு. வெளியே ஒரு நாடகக் கம்பெனியே வரிசையில் காத்திருந்தது.

பாடலாம் என்று துரை திரையோரமாக நின்று விரலை ஆட்டினார். வாத்தியார் பாடவில்லை. கண்ணை மூடினார். எங்கள் ஜனம் ஒரு வாய்க் காப்பிகூட ஜெபம் பண்ணாமல் குடிக்காது. பாட்டுக்கு முன்னால் ஜெபிக்காமல் இருப்பாரா? சபைக்காகவும், அண்ணாச்சி வயிற்றுக்காகவும், துரையின் குடும்பத்துக்காகவும் மௌனமாக மன்றாடிவிட்டு அவர் கண்ணைத் திறந்தபோது மெழுகில் முக்கால்வாசி தீர்ந்திருந்தது. துரை தலையில் கை வைத்துக்கொண்டார்.

இரண்டாவது மெழுகில் பாடினார். பதினொரு சரணத்தில் நாலு முடிவதற்குள் மெழுகு முடிந்துவிட்டது. மூன்று சரணம் போதும் என்று சாடை காட்டினார்கள். மூன்றாவது மெழுகில் மூன்று சரணம். ரயில் புகையில் தொண்டை கட்டியிருந்ததால் பல்லவியின் இரண்டாவது அடியில் மேலே போக வேண்டிய இடத்தில் குரல் கீழே இறங்கிவிட்டது. மற்றபடி அருமையாகப் பாடினாராம். திரைக்குப் பின்னாலிருந்த துரை தலையை நீட்டிக் கேட்டாராம்.

இனி பேர் சொல்ல வேண்டும். குழாயில் சொல்லுகிற பேரைத்தான் கம்பெனி குமாஸ்தா சீட்டில் எழுதுவார். சீட்டில் இருப்பதுதான் சீமையில் அச்சாகித் தட்டில் ஒட்டப்படும்.

கொம்பையா சொன்னது இது: "வாத்தியாரு வாயத் தொறந்தாரு ஐயா. பேரு வரல. கோயில்ல குனிவாருல்லா, அதே மாதிரி குனிஞ்சிட்டாரு. தொரை கைய வீசுதாரு. குமாஸ்தா பல்லக் கடிக்கான். மெழுகு சுத்துது. பேரு இல்லாத தட்டக் குப்பையில போட்டுருவாகன்னு மொதலாளி சொல்லி அனுப்பிச்சிருக்காரு. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. தலைய உள்ள விட்டு, வாயில வந்த பேரச் சொல்லிப்போட்டேன்."

வாயில் வந்தது, 'தச்சநல்லூர் கொம்பையா!' போலீஸ் கேட்டாலும் தாலுகா கச்சேரியில் கேட்டாலும் பயந்த மனுஷன் வாயில் வருவது அவனவன் பேர்தானே. குமாஸ்தா எழுதிக்கொண்டார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

கொம்பையா அழாத குறையாக மன்னிப்புக் கேட்டிருக்கிறான். வாத்தியார் அவன் முதுகைத் தடவி, "விடும் வே, என் பேரு இல்லாததே நல்லது" என்றாராம். மணியாச்சி வரைக்கும் முகம் பிரகாசமாக இருந்ததாம். மணியாச்சியில் வண்டி மாறும்போது, "வீட்டுல என்ன சொல்லுதது?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாராம்.

வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. தட்டுதான் சொன்னது. 1907 நவம்பரில் தட்டுகள் வந்தன. அண்ணாச்சி ஒரு பாட்டுப்பெட்டியை வண்டியில் ஏற்றி அனுப்பினார். பள்ளிக்கூடத்தில் ஊரே கூடியது. பாட்டு முடிகிற வரைக்கும் எலிசபெத் அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். பிறகு குழாய்க்குள்ளிருந்து சந்தையில் மாடு ஏலம் போடுகிற குரலில், "தச்சநல்லூர் கொம்பையா!" என்று வந்தது.

அன்று அவர்கள் வீட்டில் நடந்தது தெரு முழுவதும் கேட்டது.

"அம்புட்டுத் தூரம் போயி ஒரு பேரச் சொல்ல வாயி வலிச்சுதோ?"

"பேரு எதுக்கு எலிசபெத்? பாட்டு கர்த்தருக்குத்தானே?"

"கர்த்தருக்குக் கொம்பையாவத் தெரியுமா?"

எங்களுக்கும் குழப்பம்தான். குரல் அவர் குரல் மாதிரிதான் இருந்தது. ஆனால் தகரத்துக்குள் வந்தால் எந்தக் குரலும் மூக்கால் பேசும். நான் நேராகப் போய்க் கேட்டேன். "வாத்தியாரே, பாடுனது நீருதானே?" அவர் குனிந்தார். "என் குரல்ல என்ன இருக்கு? தட்டே பேரச் சொல்லுதே." எனக்கு முன்னால் கோயில் மணியடிக்கிற கோயில்பிள்ளை கேட்டிருந்தார், எனக்குப் பின்னால் பள்ளிக்கூட மானேஜரும் குருவானவரும் கேட்டார்கள். பதில் ஒன்றுதான். எலிசபெத் அம்மாள், "கர்த்தரத் தெரியாதுன்னு சொன்ன பேதுருகூட மூணோட நிறுத்திட்டாரு" என்று சொன்னது அதற்கப்புறம்தான்.

தட்டின் நடுவிலே வேறு, கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது: 'தச்சநல்லூர் கொம்பையா'. அச்சில் வந்ததை மறுக்க எங்களுக்குப் பழக்கமில்லை. நூறு வருஷமாக எங்களுக்கு நல்லது எல்லாம் அச்சில்தான் வந்திருக்கிறது. மெட்ராசுக்குப் போன இடத்தில் வாத்தியார் தாழ்மையினால் கொம்பையாவுக்குப் பாட்டை விட்டுக்கொடுத்துவிட்டார் என்று ஊரில் ஒரு கதை கட்டினார்கள். அது எல்லாருக்கும் பிடித்திருந்தது. வாத்தியாருக்கு இன்னும் கொஞ்சம் தாழ்மை கூடிவிட்டது.

பாட்டு காட்டுத்தீயாகப் பரவியது. இரண்டே வருஷத்தில் திருநெல்வேலிச் சீமையில் அதைப் பாடாத பஜனைக்குழு இல்லை. எல்லாரும் தட்டைக் கேட்டே படித்தார்கள். அதனால் தொண்டை கட்டிக் குரல் இறங்கின இடத்தில் எல்லாரும் பக்தியோடு இறங்கினார்கள். பதினொரு சரணத்தில் எட்டு மறந்தே போயிற்று. பாட்டு முடிந்ததும் ஆமென் சொல்லவேண்டிய இடத்தில் பெரியவர் சின்னவர் எல்லாரும் சேர்ந்து, "தச்சநல்லூர் கொம்பையா!" என்று முழங்கினார்கள். அது பாட்டில் சேர்ந்தது என்றே நினைத்தார்கள். ஓர் ஊரில் புதுக் குருவானவர் ஒருவர் அதை நிறுத்தப் பார்த்தார். அப்படியானால் பாட்டு முடிந்தது எப்படித் தெரியும் என்று ஜனங்கள் கேட்டார்கள்.

கொம்பையா பாடு திண்டாட்டம். கொழும்பிலிருந்து 'அன்புள்ள சகோதரருக்கு' என்று கடுதாசி வரும். ஊர் ஊராக வந்து மாலை போடுவார்கள். அவன் சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவில் முன்னால் நின்று மேளம் அடிக்கச் சொல்லுகிற ஆள். வந்தவர்களிடமெல்லாம் ஒன்றைத்தான் சொன்னான். "நான் பாடல ஐயா. எனக்குப் பாடவே வராது. பாடுனது கிருபாபுரம் வாத்தியாரு. ஏசுசாமி மேலயும் சொல்லுதேன், எங்க சுடல மேலயும் சொல்லுதேன்."

வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். இன்னும் ஞானஸ்நானமே ஆகவில்லை, அதற்குள் எவ்வளவு தாழ்மை! அவன் மறுக்க மறுக்க அவன் பேர் ஏறியது. அவன் மனம் திரும்ப வேண்டும் என்று ஏழு சபைகளிலும் ஜெபக்குறிப்பில் சேர்த்தோம். எழுதிக் கொடுத்தது நான்தான்.

1910 மழைக்காலத்தில் நேசையா வாத்தியாருக்குத் தொண்டையில் ஏதோ வந்தது. மிஷன் ஆஸ்பத்திரியில் ஆறு வாரம் இருந்தார். உயிர் தப்பியது, குரல் போய்விட்டது. அதன் பிறகு அவர் பேசினால் மணலில் ஓலையை இழுக்கிற சத்தம்தான். பாடகர் குழுவை வேறொருவர் நடத்தினார். ஒரு தடவை வாத்தியார் எழுந்து போய், "ரெண்டாவது அடி மேல போகணும், எறங்கக் கூடாது" என்று அந்த ஓலைச் சத்தத்தில் சொல்லிப் பார்த்தார். "கொம்பையா அப்படிப் பாடலையே" என்று பதில் வந்தது. வாத்தியார் திரும்பி வந்து தூணடியில் உட்கார்ந்தார். அன்றைக்கு அவர் குனிந்திருந்தது தாழ்மையினால் அல்ல என்று எனக்குப் பட்டது. பட்டதோடு சரி.

1913-இல் கமிட்டி ஒரு கிறிஸ்மஸ் பாட்டுப் புஸ்தகம் போடத் தீர்மானித்தது. ஒவ்வொரு பாட்டுக்கும் மேலே கட்டினவர் பேர் போட வேண்டும். செய்தி வந்த அன்றிலிருந்து எலிசபெத் அம்மாள் அவரைச் சும்மா விடவில்லை. புஸ்தகம் என்றால் நாம் போன பிறகும் இருக்கும், இதிலும் விட்டுவிட்டால் நாம் இருந்ததே இல்லை என்று அழுதாராம். மூன்று வாரம் கழித்து வாத்தியார் கமிட்டி முன்னால் வந்து நின்றார். ஆயுசில் முதல் தடவையாக நிமிர்ந்து நின்றார்.

"பாய்ப் பாட்டு… நான் கட்டுனது. தட்டுல பாடுனதும் நான்தான்."

மற்ற ஊர்க்காரர்கள் தட்டை மட்டும் கேட்டவர்கள்; எங்கள் ஊர்க்காரர்களுக்கோ 'நான் எங்க கட்டினேன்?' என்று அவரே சொன்னதுதான் ஞாபகம் வந்தது. அப்போது ஞானசிகாமணி ஐயர் எங்கள் சபைக்குக் குருவானவராக வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவர் நல்லவர், வருத்தத்தோடுதான் கேட்டார்: "நேசையா, நீருமா?"

அவரைப் பாடிக் காட்டச் சொன்னோம். இதைவிட ஈவிரக்கமில்லாத காரியம் இல்லை. அன்று அது நியாயமாகத் தெரிந்தது. அவர் முதல் அடியை ஆரம்பித்தார். ஓலைச் சத்தம் வந்தது. இரண்டாவது அடியில் மேலே போகப் பார்த்து இருமல் வந்து உட்கார்ந்துவிட்டார்.

கொம்பையாவை வரவழைத்தோம். அவன் நடந்ததை நடந்தபடி சொன்னான். கேட்டுக்கொண்டிருந்த ஐயருக்குக் கண் கலங்கிவிட்டது. பேரும் புகழும் இருக்கிற ஒருவன், குரல் போன ஒரு ஏழை வாத்தியாருக்காக எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்கிறானே என்று எங்களிடம் சொன்னார். கொம்பையா தலையில் அடித்துக்கொண்டான். அதுவும் தாழ்மையாகவே எடுத்துக்கொள்ளப்பட்டது.

கடைசியாக எலிசபெத் அம்மாளைக் கூப்பிட்டோம். ஐயர் கேட்டார். "பாட்டு யாரு கட்டுனது அம்மா?"

"எங்க வீட்டுல உள்ளவுக."

"மினிட்டில எழுதணும். பேரச் சொல்லும்."

அந்த அம்மாள் சொல்லவில்லை. சொல்ல முடியாது. எங்கள் பெண்கள் வேதத்தில் இருக்கிற ராஜாக்கள் பேரையெல்லாம் வரிசையாகச் சொல்வார்கள். கட்டின புருஷன் பேரை மட்டும் உயிர் போனாலும் சொல்லமாட்டார்கள். சொன்னால் அவருடைய ஆயுசு குறையும் என்று பயம். சபையில் சேர்ந்து மூன்று தலைமுறையாகியும் அந்தப் பயம் மட்டும் ஞானஸ்நானம் வாங்கவில்லை. அம்மாள் வாத்தியாரைப் பார்த்தார். மோவாயால் அவரைக் காட்டினார். "இன்னா, இங்கன இருக்காகள்லா, இவுகதான்" என்றார்.

எல்லாருக்கும் புரிந்தது. எனக்கும் புரிந்தது. ஆனால் நான் செக்ரட்டரி. மினிட்டுப் புஸ்தகத்தில் மோவாயை எழுத இடமில்லை. 'சாட்சி பேர் சொல்லவில்லை' என்று எழுதினேன். அழகான கையெழுத்து என்று ஐயர் பாராட்டினார்.

அப்போது வாத்தியார் எழுந்து, "தப்பாச் சொல்லிட்டேன். சபை மன்னிக்கணும்" என்று ஓலைச் சத்தத்தில் சொல்லிவிட்டுக் குனிந்தார். எங்களுக்கு நிம்மதியாயிற்று. பழைய நேசையா திரும்பி வந்துவிட்டாரே என்று ஐயர் கையைப் பிடித்துக்கொண்டார். எலிசபெத் அம்மாள் யாரையும் பார்க்காமல் வெளியே போனார். புஸ்தகம் அச்சாகி வந்தது. ஏழாம் பாட்டுக்கு மேலே 'தச்சநல்லூர் கொம்பையா' என்று தப்பில்லாமல் இருந்தது.

1918-இல் வந்த விஷ ஜுரத்தில் நேசையா வாத்தியார் போனார். அந்த வாரம் எங்கள் ஊரில் மட்டும் பதினான்கு பேர். பாட்டு இல்லை, பிரசங்கம் இல்லை, சவப்பெட்டி செய்யக்கூட ஆசாரிக்கு நேரமில்லை. ஒரு பாயில் சுற்றித்தான் கொண்டுபோனோம்.

அந்த டிசம்பரில் ஒரு நாள் காலையில் விளக்குக் கண்ணாடி வாங்க நமச்சிவாயம் அண்ணாச்சி கடைக்குப் போனேன். அண்ணாச்சி இல்லை, கொம்பையா இருந்தான். கிறிஸ்மஸ் வியாபாரத்துக்கென்று பாட்டுப்பெட்டிகளைத் துடைத்து வரிசையாக வைத்துக்கொண்டிருந்தான். அப்போது எலிசபெத் அம்மாள் வந்தார். வெள்ளைச் சேலை, காலெல்லாம் புழுதி. கிருபாபுரத்திலிருந்து பாலம் தாண்டி நடந்தே வந்திருக்கிறார். என்னைப் பார்த்தும் பார்க்காதது மாதிரி கொம்பையாவிடம் போனார்.

"எய்யா, அந்தத் தட்டப் போடுதியா?"

அவர் இப்படி வருவது இது நாலாவது தடவை என்று கொம்பையா பிற்பாடு சொன்னான். அவன் பெட்டிக்குச் சாவி கொடுத்துத் தட்டைப் போட்டான். போன குரல் வந்தது. வைக்கோல் உறுத்துமே என்று அது கெஞ்சியபோது அம்மாள் உதட்டைக் கடித்துக்கொண்டார். நான் கடைசியாக அந்தக் குரலை நேரில் கேட்டு எட்டு வருஷம் ஆகியிருந்தது. இதைப் போய் யாருடையது என்று விசாரணை வைத்தோமே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

மூன்றாவது சரணம் முடிந்ததும் கொம்பையா சட்டென்று ஊசியைத் தூக்கிவிட்டான். அந்த அம்மாளுக்கு எப்போதும் அப்படித்தான் செய்வானாம். தன் பேர் அவர் காதில் விழக் கூடாது என்று. தட்டு மட்டும் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது.

அம்மாள் கிட்டே போனார்.

"இது மாதிரிக் கொழாயிலதானே பாடுனாக?"

"ஆமாம்மா, இதே மாதிரிதான்."

"தட்டு சுத்துதுல்லா?"

"சுத்துது."

அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு குழாய்க்குள் குனிந்தார். முதலில் சத்தம் வரவில்லை. பிறகு பைய, பக்கத்தில் தூங்குகிறவரை எழுப்புகிற மாதிரி, "நேசையா" என்றார். முப்பத்தொரு வருஷத்தில் அந்த வாயில் அந்தப் பேர் வந்ததில்லை. ஒரு மூச்சு விட்டார். அப்புறம் தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாக, ஊரையும் சேர்த்துச் சொன்னார்: "கிருபாபுரம் நேசையா!"

நிமிர்ந்து கொம்பையாவைப் பார்த்தார். "பதிஞ்சிட்டுதா எய்யா?"

விற்கிற பெட்டியின் குழாய் பேசும், கேட்காது. அது அவனைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்? பத்து வருஷமாக இரண்டு சாமி மேலும் சத்தியம் பண்ணி உண்மையே சொன்னவன், ஒருவரும் நம்பவில்லை. இப்போது அவன் ஊசியை ஒரு தடவை தொட்டுப் பார்த்தான், தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான்.

"பதிஞ்சிட்டும்மா. தெளிவா விழுந்திருக்கு."

அம்மாள் தலையை ஆட்டினார். நம்பினாரா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"செக்ரட்டரியையா, நீங்களும் கேட்டீகள்லா?"

"கேட்டேன் அம்மா."

"அப்ப எழுதிக்கிடுங்க" என்றார்.

அன்று என்னிடம் பென்சில் இல்லை.